பாலைவனப் பொதுநிலத்தில் குறி சுடுதல்: அரிசோனாவில் எங்கே சுடலாம், எங்கே கூடாது?

பாலைப்பல்லி (இழையைத் தொடங்கியவர்)

வெயில் தணிந்து நவம்பர் வந்தால் பீனிக்ஸ் தமிழ் வாட்ஸப் குழுக்களில் இதே கேள்விதான்: "பாலைவனம் முழுக்க கவர்ன்மென்ட் நிலம்தானே, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் டார்கெட் வைத்துச் சுட்டால் யார் கேட்பார்கள்?" அதற்கு வரும் பதில்களில் பாதி தவறு, மீதி பழசு. விவரம் தெரிந்தவர்கள் இங்கே எழுதி வைத்தால் இனி கேட்பவர்களுக்கு இந்தச் சுட்டியைக் கொடுத்துவிடலாம்.

எனக்கு வேண்டியது மூன்று. எந்த நிலத்தில் சுடலாம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹெச்1பி (வேலை), எஃப்1 (மாணவர்) விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடலாமா? எந்தத் தோட்டா, எந்த டார்கெட் தடை? பக்கத்து மாநிலம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சேர்த்தால் நல்லது.

மேற்குமேடு

முதல் கேள்வியிலேயே முக்கால்வாசி விஷயம் அடங்கிவிடும். "கவர்ன்மென்ட் நிலம்" என்று ஒன்று கிடையாது. அரிசோனா பாலைவனத்தில் ஒரே மண்பாதையில் பத்து நிமிஷம் ஓட்டினால் நாலு உடைமைக்காரர்களின் நிலத்தைக் கடந்திருப்பீர்கள். வேலியும் இருக்காது, பலகையும் இருக்காது.

நில மேலாண்மைப் பணியகம் (எல்லோரும் பி.எல்.எம். என்பார்கள்) அரிசோனாவில் மட்டும் சுமார் 1.2 கோடி ஏக்கர் வைத்திருக்கிறது. அங்கே பொதுவிதி: மூடியதாக அறிவிக்காத இடத்தில் சுடலாம். வனத்துறையான ஃபாரஸ்ட் சர்வீஸ் நிலத்திலும் கிட்டத்தட்ட அதே கதை, ஆனால் தூரக் கணக்கு தனி. மாநில அறக்கட்டளை நிலத்தில், அதாவது ஸ்டேட் டிரஸ்ட் லேண்டில், குறி சுடுதல் அறவே கூடாது. பலர் மாட்டுவது இங்கேதான். "பொழுதுபோக்கு அனுமதிச்சீட்டு வாங்கியிருக்கிறேன்" என்பார்கள். அந்தச் சீட்டு நடக்கவும் முகாம் போடவும்தான், சுடுவதற்கு இல்லை. கவுன்டி பூங்காக்களிலும், அங்கேயே அமைத்த ரேஞ்சுக்கு (சுடுபயிற்சித் தளத்துக்கு) வெளியே சுட முடியாது. பழங்குடி மக்களின் ரிசர்வேஷன் நிலத்துக்கு அவர்கள் சட்டம். அனுமதி இல்லாமல் உள்ளே போவதே தப்பு.

பி.எல்.எம். வெளியிடும் நில உடைமை வரைபடத்தை ஒரு முறை கண்ணில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் என்றால் பி.எல்.எம். வெளிர்நீலம் மாநில அறக்கட்டளை. பச்சை காடு. வெள்ளை தனியார். இளஞ்சிவப்பு ராணுவம். ஆரஞ்சு ரிசர்வேஷன். இதே நிறங்களைத்தான் அவென்சா, ஆன்எக்ஸ் போன்ற செயலிகளும் ஏறக்குறைய பின்பற்றுகின்றன. வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிக்கொண்டு கிளம்புங்கள். அங்கே சிக்னல் கிடைக்காது, ஜி.பி.எஸ். மட்டும் வேலை செய்யும்.

சதுரங்கப் பலகை மாதிரி மஞ்சளும் நீலமும் மாறி மாறி வரும் பகுதிகள் உண்டு. ஒரு கட்டம் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். நீங்கள் நிற்பது மஞ்சளாக இருந்து, குண்டு போய் விழுவது நீலமாக இருந்தால் அதுவும் தவறுதான். ஆகவே நிற்கும் புள்ளியை மட்டும் பார்த்தால் போதாது. குறியையும் அதன் பின்னால் உள்ள மேட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

கஜக்கோல்

மேற்குமேடு அண்ணன் சொன்னதோடு ஊர் எல்லையையும் சேர்க்க வேண்டும். அதை யாரும் பார்ப்பதில்லை.

அரிசோனாவில் நகராட்சி எல்லைக்குள்ளோ, வெளியே நின்று எல்லைக்குள் விழும்படியோ, கவனக்குறைவாகச் சுடுவது 6ஆம் வகுப்பு ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். ஷானன் சட்டம் என்று பெயர். 1999ல் பீனிக்ஸில் வானத்தைப் பார்த்துச் சுட்ட யாரோ ஒருவரின் குண்டு வீட்டுக் கொல்லையில் நின்ற ஷானன் என்ற 14 வயதுப் பெண் மேல் விழுந்து அவள் இறந்தாள். மறு ஆண்டே இந்தச் சட்டம் வந்தது. விதிவிலக்குகள் உண்டு: முறையான ரேஞ்ச், ஆள் இருக்கும் கட்டடத்திலிருந்து ஒரு மைலுக்கு அப்பால், இப்படிச் சில. சிக்கல் என்னவென்றால் பக்கை, பியோரியா போன்ற ஊர்களின் எல்லை பாலைவனத்துக்குள் வெகுதூரம் நீண்டு கிடக்கிறது. கண்ணுக்கு எட்டிய மட்டும் கிரியோசோட் புதர்தான் தெரியும். சட்டப்படி நீங்கள் ஊருக்குள் நிற்பீர்கள். நில வரைபடத்தில் நகர எல்லை அடுக்கைத் தனியாக இயக்கிப் பார்க்க வேண்டும்.

அடுத்து தூரம். காட்டு நிலத்தில் கூட்டாட்சி விதி தெளிவாக இருக்கிறது: குடியிருப்பு, கட்டடம், முகாம், மேம்படுத்திய பொழுதுபோக்கு இடம், ஆள் நடமாடும் இடம் எதிலிருந்தும் 150 கஜத்துக்குள் சுடக் கூடாது. காட்டுச் சாலையின் மீது நின்றோ, அதைத் தாண்டியோ, ஒட்டிய நீர்நிலையைத் தாண்டியோ கூடாது. குகைக்குள் கூடாது. பி.எல்.எம். நிலத்தில் மேம்படுத்திய இடங்களில், அதாவது கழிப்பறை, மேசை, வாகன நிறுத்தம் எல்லாம் கட்டிய இடங்களில், சுடத் தடை. வீடு தெரிந்தால் கால் மைல் தள்ளிப் போவது இங்கே நடைமுறை. அந்தக் கால் மைல் மாநில வேட்டைச் சட்டத்திலிருந்து வந்த கணக்கு. குறி சுடுகிறவர்களுக்கும் அதையே அளவாக வைத்துக்கொண்டால் வம்பில்லை.

பி.எல்.எம். விதியை மீறினால் கூட்டாட்சிக் குற்றம். தாய்ச்சட்டத்தில் 1,000 டாலர் அபராதமும் 12 மாதச் சிறையும் உச்சம் என்று இருக்கும். பொது அபராதச் சட்டத்தின்படி அபராதம் 1,00,000 டாலர் வரை போகலாம். பார்க்கிங் டிக்கெட் மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கள்ளிக்காடு

எல்லாம் சரி சார். ஆனா முதல்ல சுடுவதற்கு இடம் மிச்சம் இருக்கான்னு சொல்லுங்க. அயர்ன்வுட் மூடியாச்சு. சோனோரன் பாலைவன நினைவுச்சின்னத்துல (நினைவுச்சின்னம்னா இங்க பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி) 4,86,000 ஏக்கர். அதுல சுட விட்டது எவ்வளவு? விரல் விட்டு எண்ணிடலாம். குப்பை போடுற நாலு பேருக்காக எல்லாருக்கும் கதவைச் சாத்துறது என்ன நியாயம்?

கஜக்கோல்

நியாயம் பேசுவோம், அதற்கு முன் வரலாறு சரியாக இருக்கட்டும்.

டூசான் வடமேற்கில் உள்ள அயர்ன்வுட் ஃபாரஸ்ட் நினைவுச்சின்னம் 2000ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 1,29,000 ஏக்கர். 2013 மேலாண்மைத் திட்டத்தில் அங்கே குறி சுடுதல் முழுக்கத் தடை. வேட்டைக்குத் தடை இல்லை, இதைக் கவனிக்கவும். சோனோரன் பாலைவன நினைவுச்சின்னம் 2001ல் அறிவிக்கப்பட்டது. அங்கே 2018 முடிவின்படி மூடியது வெறும் 11 சதவீதம். வழக்கு நடந்தது, சமரசம் வந்தது, மறு ஆய்வு நடந்தது. 2024 முடிவில் கணக்கு தலைகீழானது: சுமார் 4,80,000 ஏக்கர் மூடல், 5,300 ஏக்கர் அளவு மட்டும் திறப்பு. நீங்கள் விரல் விட்டு எண்ணியது கிட்டத்தட்டச் சரி.

ஏன் என்று கேட்டால், அந்த இடங்களைப் பாதுகாக்கச் சொன்ன அறிவிப்பிலேயே சாகுவாரோ கள்ளிகளும் பாறை ஓவியங்களும் பெயர் சொல்லிப் பட்டியலில் இருக்கின்றன. குண்டு துளைத்த சாகுவாரோ உடனே சாகாது. துளை வழியே பாக்டீரியா புகுந்து உள்ளே அழுகி, மெல்லச் சாயும். முதல் கிளை விடவே பல பத்தாண்டுகள் எடுக்கும் செடி அது. மாநிலத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தில் சாகுவாரோவைச் சேதப்படுத்துவது ஃபெலனி வரை போகும். கள்ளி தானே கணக்குத் தீர்த்த ஒரு சம்பவமும் பதிவில் இருக்கிறது: 1982ல் லேக் பிளெசன்ட் அருகே சாகுவாரோவைச் சுட்டுக்கொண்டிருந்தவர் மேல் அதன் கிளையே முறிந்து விழுந்து அவர் இறந்துபோனார்.

பாறை ஓவியத்துக்குத் தனிச் சட்டம்: 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம். முதல் குற்றத்துக்கே 10,000 டாலர், ஓராண்டு வரை. சேத மதிப்பு 500 டாலரைத் தாண்டினால் 20,000 டாலர், இரண்டாண்டு. கருத்த பாறையில் வெளுத்த கோடுகள் தெரிந்தால் அந்தப் பக்கம் குழலைத் திருப்பவே வேண்டாம்.

கள்ளிக்காடு

மூடுறதுக்கும் ஒரு முறை வேணுமில்லையா? அதிகாரி நினைச்சா பலகை வெச்சுடலாமா?

கஜக்கோல்

முடியாது. அதுதான் 2019 மார்ச்சில் வந்த டிங்கெல் சட்டம். பி.எல்.எம்., காட்டு நிலம் இரண்டுமே வேட்டை, மீன்பிடிப்பு, குறி சுடுதலுக்குத் திறந்ததாகவே கொள்ளப்படும். மூட வேண்டுமென்றால் காரணம் சொல்லி, மிகக் குறைந்த பரப்பில், மிகக் குறைந்த காலத்துக்கு மூட வேண்டும். அறிவிப்பு கொடுத்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். தற்காலிக மூடல் 180 நாள். மூன்று முறைக்கு மேல் நீட்டிக்க முடியாது. அவசரத்துக்கு விலக்கு உண்டு. காட்டுத்தீ ஆபத்துக் காலத்தில் போடும் தீத்தடை அப்படி வருவதுதான்.

கருத்துக் கேட்கும் காலத்தில் எழுதுங்கள். "எங்கள் உரிமை" என்று நாலு வரி எழுதினால் ஒரு பயனும் இல்லை. "இந்தச் சாலைக்கு மேற்கே, இந்த மலைச்சரிவு குண்டைத் தாங்கும் பின்மேடாக இருக்கிறது, அருகில் பாதை இல்லை, இதைத் திறந்து வையுங்கள்" என்று வரைபடத்தோடு எழுதினால் அதற்குத் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

போன இடத்துக்கு மாற்றும் வருகிறது. பீனிக்ஸைச் சுற்றி பால்டி மவுன்டன், பாக்ஸ் கேன்யன், சர்ச் கேம்ப் ரோடு, நாரமோர் ரோடு, சாடில்பேக் மவுன்டன் என்று ஐந்து இடங்களைக் குறி சுடுவதற்கென்றே பி.எல்.எம். திட்டமிட்டது. 2025 ஜனவரியில் கையெழுத்தான எக்ஸ்ப்ளோர் சட்டம், ஒவ்வொரு தேசியக் காட்டிலும் ஒவ்வொரு பி.எல்.எம். மாவட்டத்திலும் குறைந்தது ஒரு இலவச ரேஞ்சாவது இருக்க வழிசெய்யச் சொல்கிறது. பணம் எங்கிருந்து என்றால், ரேஞ்ச் கட்டுவதற்கு உதவும் நிதிகளில் முக்கியமானது நீங்கள் வாங்கும் ஒவ்வொரு தோட்டாப் பெட்டியிலும் பிடிக்கப்படும் 11 சதவீத வரி.

பாலைப்பல்லி

நன்றி சார். இரண்டாம் கேள்விக்கு வருவோமா? குழுவில் ஒருவர் எழுதியது அப்படியே: "ஹெச்1பி-ல துப்பாக்கி வாங்கத்தான் கூடாது, நண்பனோடதைச் சுடலாம்."

கஜக்கோல்

அது ஆபத்தான தவறு. அந்தக் குழுவில் இதை ஒட்டிவிடுங்கள்.

கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பு 18, பிரிவு 922(ஜி)(5)(பி): குடியேற்றம் அல்லாத விசாவில் அனுமதிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சொந்தமாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கையில் இருந்தாலே போதும். ஹெச்1பி, ஹெச்4, எல்1, எஃப்1, எஃப்1-ல் வரும் ஓ.பி.டி. (மாணவர் வேலை அனுமதி), எல்லாம் இதற்குள். ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) ஒப்புதலாகி வரிசையில் பன்னிரண்டு வருஷம் நின்றாலும் ஹெச்1பி ஹெச்1பி-தான். கிரீன் கார்டு கைக்கு வந்தபின் இந்தத் தடை இல்லை.

விலக்கு பிரிவு 922(ஒய்)(2)ல் இருக்கிறது. குறி சுடுகிற நம்மவர்களுக்குப் பயன்படுவது ஒன்றுதான்: அமெரிக்காவின் ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். வேட்டைக்குப் போக வேண்டும் என்பதில்லை, உரிமம் செல்லுபடியாக இருக்க வேண்டும். அரிசோனாவில் அந்த உரிமம் வாங்கிய நாளிலிருந்து 365 நாள். 366ஆம் நாள் காலை வீட்டு அலமாரியில் துப்பாக்கி இருந்தால் அன்றைக்கே குற்றம். ஆகவே முடிவதற்கு ஒரு மாதம் முன்பே போனில் நினைவூட்டல் வைத்து, புதுப்பித்த தாளையும் பழையதையும் சேர்த்தே வைத்திருங்கள்.

2022 திருத்தத்துக்குப் பின் இந்தப் பிரிவின் உச்சத் தண்டனை 15 ஆண்டு. துப்பாக்கிக் குற்றத் தீர்ப்பு நாடுகடத்தலுக்கும் தனிக் காரணம். போட்டோவுக்கு ஒரு நிமிஷம் பிடித்தேன் என்பது வாதமே ஆகாது. அந்தப் போட்டோதான் சாட்சி.

வேகாஸ்வாசி

ஒரு சந்தேகம். ஊருக்குள் இருக்கும் ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கி கொடுக்கிறார்களே, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும் என்கிறார்களே? அப்போது அது சட்டப்படி சரிதானே?

கஜக்கோல்

ரேஞ்ச்காரர் கொடுத்துவிட்டார் என்பதால் உங்களுக்குச் சட்டம் மாறாது. 2019ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹாஃப் வழக்கைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து மாணவர் விசாவில் வந்தவர், படிப்பு நின்று விசா நிலை போனபின் ஃப்ளோரிடாவில் ஒரு ரேஞ்சில் சுட்டார். வழக்கின் தொடக்கமே அதுதான். தன் நிலை தடைக்குள் வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டீர்கள். "தெரியாது" என்று இனி நீங்கள் சொல்ல முடியாது. :-)

ஈயம்207

மூன்றாம் கேள்வி என் பக்கம். பாலைவனத்தில் எரிய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: புல். சோனோரன் பாலைவனம் தீக்குப் பழகிய நிலம் இல்லை. செடிக்கும் செடிக்கும் நடுவில் வெறும் மண் கிடந்ததால் தீ பரவாது. இப்போது அந்த இடைவெளியை பஃபல் புல் அடைத்துவிட்டது. வேறொன்றும் இல்லை, நம் ஊர் மேய்ச்சல் காட்டில் நிற்கும் கொழுக்கட்டைப் புல்தான் அது. கால்நடைத் தீவனத்துக்காகக் கொண்டுவந்து விதைத்தார்கள். காய்ந்தால் பஞ்சு மாதிரிப் பற்றும். சாகுவாரோ அந்தச் சூட்டைத் தாங்காது.

இனி தோட்டா. 2013ல் வனத்துறையின் ஆய்வாளர்கள் ரைஃபிள் குண்டுகளை எஃகுத் தகட்டில் சுட்டு, சிதறல் விழும் இடத்தில் நன்றாகக் காய்ந்த பீட் பாசியை வைத்துப் பார்த்தார்கள். எஃகு மையமோ எஃகு உறையோ உள்ள குண்டுகளும், முழுச் செம்புக் குண்டுகளும் திரும்பத் திரும்பப் பற்றவைத்தன. ஈய மையமும் செம்பு உறையும் கொண்டவை மிக அரிதாகவே. சிதறல் 1,200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலும் சூடாகலாம். மோதும்போது உலோகம் நசுங்கிக் கிழியும் வேகமே சூடாக மாறுகிறது; பொறி பறக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஈயம் இல்லாத செம்புக் குண்டு சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று வாங்குகிறோம், தீ விஷயத்தில் அதுவே வில்லன்.

கடையில் காந்தம் கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். கூட்டில் (கேஸில்) ஒட்டினால் அது எஃகுக் கூடு மட்டுமே. துப்பாக்கி அருகிலேயே விழும், தீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காந்தத்தைக் குண்டின் முனையில் வையுங்கள். அங்கே ஒட்டினால் உறையிலோ மையத்திலோ எஃகு இருக்கிறது. வெளிநாட்டு 7.62×39 மலிவுத் தோட்டாக்களில் பல செம்பு நிறத்தில் இருக்கும், உள்ளே எஃகு உறை. காந்தம் சட்டென்று பிடிக்கும். பச்சை முனை 5.56, அதாவது எம்855, முனைக்குள் எஃகுத் துண்டு வைத்தது. அதுவும் இந்தக் கணக்கில்தான்.

ட்ரேசர் (போகும் பாதை தெரிய எரிந்துகொண்டே போகும் குண்டு), தீக்குண்டு, வெடிக்கும் டார்கெட் மூன்றையும் பல மாவட்டங்களின் தீத்தடுப்பு ஆணைகள் தடை செய்கின்றன. பல இடங்களில் எஃகு மையக் குண்டையும். வெடி டார்கெட் என்பது அம்மோனியம் நைட்ரேட்டும் அலுமினியத் தூளும் தனித்தனியாக விற்கும் சமாசாரம். கலக்கும் வரை சாதாரணப் பொருள், கலந்தபின் வெடிமருந்து. கலந்ததை வண்டியில் ஏற்றினால் அது வேறு சட்டம். 2017 ஏப்ரலில் டூசானுக்குத் தெற்கே, பிறக்கப்போகும் குழந்தை ஆணா பெண்ணா என்று அறிவிக்க ஒருவர் இதைச் சுட்டார். சாமில் தீ என்று பெயர். சுமார் 47,000 ஏக்கர் போயிற்று, சேதம் 80 லட்சம் டாலருக்கு மேல்.

மேற்குமேடு

எஃகு டார்கெட்டைப் பற்றியும் எழுதிவிடுங்கள் ஈயம். புதிதாக வருபவர்கள் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

ஈயம்207

எழுதுகிறேன். ரைஃபிளுக்கு ஏ.ஆர்.500 என்ற கடினமாக்கிய எஃகுத் தகடு, 3/8 அங்குலத் தடிமன். சாதாரண இரும்புக் கடையில் வாங்கிய மென்தகடு வேண்டாம். அதில் குண்டு குழி பறிக்கும்; அந்தக் குழியின் வளைந்த விளிம்பு அடுத்த குண்டின் சிதறலை உங்கள் பக்கமே திருப்பி அனுப்பும். தகடு மொழுமொழுவென்று இருந்தால் சிதறல் தகட்டின் தளத்தை ஒட்டிப் பக்கவாட்டில் போகும். விரலால் தடவிப் பார்த்துக் குழி தட்டுப்பட்டால் அந்தத் தகட்டை ஒதுக்குங்கள். நல்ல தகட்டையும் எம்855 கொத்திவிடும்.

தகடு கீழ்நோக்கிச் சுமார் 20 டிகிரி சாய்ந்து தொங்க வேண்டும். பிஸ்டலுக்குக் குறைந்தது 10 கஜம், ரைஃபிளுக்கு 100 கஜம். கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது, வேடிக்கை பார்ப்பவர்களும் சேர்த்துத்தான். தகட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புல்லைக் கொத்தி வெறும் மண்ணாக்குங்கள். வண்டியில் மண்வெட்டி, தீயணைப்பான், குடிநீர் தவிர ஐந்து கேலன் தண்ணீர். முடித்ததும் உடனே கிளம்பாதீர்கள். புகை தெரிய நேரமாகும். அரைமணி நேரம் உட்கார்ந்து கூடு பொறுக்குங்கள்.

சந்தேகம் என்றால் காகிதக் குறியே போதும். வீட்டுச் சாமான் கடையில் ஒன்றுக்கு இரண்டு அங்குல மரச்சட்டம் இரண்டு, ஒரு அட்டை, ஸ்டேப்பிள் துப்பாக்கி.

மேற்குமேடு

பின்மேடு பற்றி. பேக்ஸ்டாப் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். குறி தவறிய குண்டையும் துளைத்துப் போன குண்டையும் விழுங்கும் மண். .22 சிறு தோட்டாவே ஒரு மைலைத் தாண்டும்; .30-06 மூன்று மைல் வரை போகும். குறிக்குப் பின்னால் வானம் தெரிந்தால் அந்த இடம் ஆகாது.

நல்ல பின்மேடு எப்படி இருக்கும்? செங்குத்தான, மெத்தென்ற மண்சரிவு. குறியை அதன் அடிவாரத்துக்கு நெருக்கமாக வைத்து, குண்டு சரிவின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் விழும்படி நிற்க வேண்டும். தூரத்து மலையைக் காட்டி "அதுதான் பேக்ஸ்டாப்" என்பது பெரும் பிழை. நடுவில் இருக்கும் ஒரு மைல் சமவெளியில் யார் நடக்கிறார்கள் என்று தெரியாது. பாறை முகமும் ஆகாது. பாலைவனத்தின் மேற்பரப்பு பல இடங்களில் கூழாங்கல் பதித்த தரை. அதன் அடியில் சுண்ணாம்பு இறுகிய கலீச்சி. தாழ்ந்த கோணத்தில் பட்ட குண்டு தண்ணீரில் எறிந்த ஓட்டுச்சில்லு மாதிரி எகிறிப் போகும்.

காய்ந்த ஓடைகளின் கரை பார்க்க அருமையாக இருக்கும், எல்லோரும் அங்கேதான் போவார்கள். ஆனால் ஓடைப் படுகைதான் மணல் வண்டிகளின் ராஜபாட்டை. வளைவுக்கு அப்பால் வருவது தெரியாது, காதடைப்பு போட்டிருந்தால் சத்தமும் கேட்காது. ஓடையின் போக்கிலேயே சுடாதீர்கள். குறுக்காக, கரையைப் பார்த்துச் சுடுங்கள். மேட்டின் மேல் ஏறி மறுபக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும்.

கள்ளிக்காடு

குப்பையைப் பத்தி நான் சொல்றேன், மூடினதைப் பத்திக் கத்தினவனே நான்தானே. பழைய டி.வி., மைக்ரோவேவ், கண்ணாடி பாட்டில், பெயின்ட் டப்பா, கேஸ் சிலிண்டர் எதுவும் டார்கெட் இல்லை. ஏற்கெனவே யாரோ போட்ட டி.வி. கிடக்குதேன்னு அதைச் சுட்டாலும் அதே தப்புதான். ஒண்ணா கிடந்ததை நூறு துண்டாக்கினது நீங்க. ரேஞ்சர் வந்தா உங்க கையில துப்பாக்கி இருக்கு, டி.வி.-ல ஓட்டை இருக்கு. கேள்வியே கிடையாது.

ஷாட்கன்ல சுட வானத்துல எறியுற களிமண் தட்டும் (அதான் க்ளே) குப்பைக் கணக்குதான், பொறுக்கணும். ஷாட்கன் கூடு காலடியில விழும், ஆனா உள்ளே ரவையைத் தாங்கிட்டு இருக்கிற பிளாஸ்டிக் வாட் இருபது முப்பது கஜம் முன்னால போய் விழும். அதை மறந்துட்டுப் போறாங்க. கூட்டுக்கு ஒரு தார்ப்பாயை வலதுபக்கம் கொஞ்சம் பின்னால விரிச்சு வெச்சா முக்கால்வாசி அதுலயே விழும், நாலு மூலையும் சேர்த்துத் தூக்கிப் பையில கொட்டிடலாம். எஃகுக் கூட்டுக்குக் காந்தக் கோல். பித்தளைக்குக் குனிஞ்சுதான் ஆகணும்.

அப்புறம் கை கழுவாம முறுக்கை எடுத்து வாயில போடாதீங்க. விரல் பூரா ஈயம்.

வேகாஸ்வாசி

நெவாடா: லாஸ் வேகாஸ் ஓரத்தில் ரெட் ராக் கேன்யன் பாதுகாப்புப் பகுதியில் குறி சுடத் தடை. பள்ளத்தாக்கைச் சுற்றி கவுன்டியின் சுடத்தடை எல்லை தனி. அந்த வரைபடம் ஊர் வளர வளர மாறும், போன வருஷத்ததை நம்ப வேண்டாம். அலைய மனமில்லை என்றால் ஊரின் வடக்கே கிளார்க் கவுன்டியின் பெரிய ரேஞ்ச் இருக்கிறது.

கலிபோர்னியா: மோஹாவே தேசியக் காப்பிடத்தில் வேட்டை உண்டு, குறி சுடுதல் இல்லை. அது தேசியப் பூங்கா சேவையின் நிலம், பி.எல்.எம். அல்ல, இரண்டுக்கும் நடுவில் வேலி கிடையாது. பாலைவன ஆமை 1990 முதல் கூட்டாட்சிப் பட்டியலில் பாதுகாக்கப்பட்ட இனம், வண்டி நிழலில் வந்து படுத்துக்கொள்ளும். கிளம்புமுன் சக்கரத்தின் கீழே பாருங்கள். அரிசோனாவிலிருந்து போகிறவர்களுக்கு முக்கியமானது வேறு: 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினை (துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூட்டை) எல்லைக்குள் கொண்டுபோவதே குற்றம். பிஸ்டல் வெறுமையாக, பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்; டேஷ்போர்டு அறையைப் பூட்டினால் அது பூட்டிய பெட்டி ஆகாது என்று சட்டமே சொல்கிறது. அரிசோனாவில் இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட்டிய அதே கோலத்தில் கொலராடோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டாதீர்கள்.

பாலைப்பல்லி

கடைசியாக ஒன்று. எங்கள் குழுவில் இருபது பேர் சேர்ந்து போக நினைக்கிறார்கள், விவரம் தெரிந்த ஒருவர் தலைக்கு 40 டாலர் வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதாக ஏற்பாடு. ஏப்ரல் கடைசியில்.

கஜக்கோல்

40 டாலர் வாங்கினால் அது வணிகம். பி.எல்.எம். நிலத்தில் கட்டணம் வாங்கிப் பயிற்சி நடத்தச் சிறப்புப் பொழுதுபோக்கு அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இருபது பேரில் எத்தனை பேர் ஹெச்1பி, அதில் எத்தனை பேரிடம் வேட்டை உரிமம் என்று முதலில் எண்ணுங்கள். உரிமம் இல்லாதவருக்குத் துப்பாக்கியைக் கையில் கொடுப்பவரும் மாட்டுவார். புதியவர்கள் கூட்டமாகப் போவதென்றால் வடக்கு பீனிக்ஸில், ஐ-17 நெடுஞ்சாலையும் கேர்ஃப்ரீ நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடத்தில், மாநில வேட்டை-மீன் துறையின் பென் ஏவரி ரேஞ்சுக்குப் போகலாம். அதிகாரி குரல் கொடுத்தால்தான் சுடுவது, நிறுத்துவது எல்லாம். கற்றுக்கொள்ள அதுவே நல்லது. விசா கணக்கு அங்கேயும் உண்டு.

ஈயம்207

ஏப்ரல் கடைசி என்றால் தேதியைப் பிப்ரவரிக்கு மாற்றுங்கள். மே, ஜூனில் மழைக்கு முன்னால் தீத்தடை வருவது வழக்கம், சில ஆண்டு ஏப்ரலிலேயே. தீத்தடை நிலை 1, அதைவிடக் கடுமையான நிலை 2 என்று வரும். நிலை 2 என்றால் வேட்டை தவிர எந்தத் துப்பாக்கியும் வெடிக்கக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். சில அலுவலகங்கள் நிலை 1-லேயே அதைச் சேர்த்துவிடும். பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்கும் பி.எல்.எம். நிலத்துக்கும் வேறு வேறு நிலை இருக்கலாம். முதல் நாள் இரவு பார்த்தேன் என்பது போதாது. கிளம்பும் அன்று காலை, அந்த நிலத்துக்குரிய அலுவலகத்தின் பக்கத்தைப் பாருங்கள், இல்லையென்றால் போன் போடுங்கள்.

பாலைப்பல்லி

பிப்ரவரி இரண்டாம் சனி, பென் ஏவரி. ஒன்பது பேருக்கு உரிமம் இல்லை, அவர்கள் சாப்பாட்டுப் பொறுப்பு.